உள்ளங்கை முறைகேடு

கைராசி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு அவர் திரும்பிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். மூன்று வயதில் வந்த காய்ச்சல், போகும்போது இரண்டு காதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதுகில் தட்டினால் திரும்புவார். விளக்கை அணைத்துப் போட்டால் திரும்புவார். தொண்டை கிழியக் கத்துவது கத்துகிறவரின் சொந்த விருப்பம்.

ஏசி, குளிர் அறை, ஹீட்டர் இவைதான் அவர் பிழைப்பு. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து வைக்கும் ஆறு குளிர் அறைகளும் ஒன்பது வருஷமாக அவர் பொறுப்பில் இருந்தன. காலையில் போனதும் ஒவ்வொரு கம்ப்ரஸர் மேலும் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பார். பேரிங் தேய ஆரம்பித்திருந்தால் விரல் நுனியில் மணல் அரைபடும். கேஸ் குறைந்திருந்தால் நடுக்கம் மெலிந்து உடம்பு மட்டும் கொதிக்கும். அடிப்போல்ட் தளர்ந்திருந்தால் அது மணிக்கட்டு வரை வந்து முறையிடும். மற்ற மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவரை மெஷினில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டு, தலையைச் சொறிந்து, "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லும் கோளாறை இவர் இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு குப்பி மருந்து கெட்டதில்லை.

இப்படி ஒரு வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருப்பது வெப்ப-குளிர் சாதனத் தொழில் உரிம வாரியத்தின் கண்ணில் படாமலே இருந்தது. மூன்று மாடிக் கட்டடம், இருநூற்றுப் பன்னிரண்டு ஊழியர்கள். அவர்களில் ஒரு ஏசியின் ஃபில்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. அந்த வாரியத்தின் தலைவர் ஒருநாள் மத்தியானம் ஒரு விருந்தினர் விடுதியில் தூங்கப் போனார். ஏசி கடகடவென்று அடித்தது. பார்க்க வந்த மெக்கானிக், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கெட்டது ஒரு மத்தியானத் தூக்கம். ஆனால் தலைவர் அதைத் தொழிலே கெட்டுப்போனதாக எடுத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் 'செவிவழிக் கோளாறறிதல்' என்ற தேர்வில் தேறியவருக்கு மட்டுமே உரிமம். உரிமம் இல்லாதவர் ஆஸ்பத்திரி மெஷின்களை நெருங்கக் கூடாது.

கைராசியின் காண்ட்ராக்டர் நல்ல மனிதர், அதாவது கஷ்டம் வராதவரை நல்ல மனிதர். அவர் போனில் எழுதி அனுப்பினார்: "தம்பி, மாசக் கடைசிக்குள்ள உரிமம் வேணுமாம். ஆஸ்பத்திரியில ஒத்தக்கால்ல நிக்கறாங்க. இல்லேன்னா வேற ஆளைத்தான் போடணும். தப்பா எடுத்துக்காதே."

அப்போது தேதி மூன்று. கைராசி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

வாசலிலேயே நாற்றம் அடித்தது. வரவேற்பறையின் கூரையோரம் தொங்கிய ஏசியின் அடித்தட்டில் தண்ணீர் வடிய வழியில்லாமல் மாதக்கணக்கில் தேங்கி அழுகியிருந்தது. அந்தத் தட்டைக் கழற்றிக் கழுவ ஒருவருக்கு அரைமணி நேரம் போதும். ஏசிக்காரர்களுக்கெல்லாம் உரிமம் கொடுக்கிற கட்டடத்தில் அதைச் செய்ய ஆளில்லை. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அவரும் மனைவியும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். தெரிந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. காண்ட்ராக்டர் என்றால் மீசையைத் தடவ வேண்டும். அன்றிலிருந்து வாரியம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்வது என்று ஆகிவிட்டது.

முப்பத்துநாலாம் டோக்கன் கிடைத்தது. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டோக்கன் எண்ணைக் காட்டும் மின்பலகை ஒன்று கவுண்டருக்கு மேலே இருக்கத்தான் இருந்தது. அதை முழுதாக மறைத்து ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். 'காது கேளாதோரை வாரியம் இருகரம் நீட்டி வரவேற்கிறது' என்று அதில் எழுதியிருந்தது. ஓரத்தில் தலைவர் இருகரமும் நீட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு இடம் காலியாகிவிட்டது. கைராசி டோக்கனை நீட்டியபோது கிளார்க் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். முப்பத்துநாலுக்கு எதிரே சிவப்பு மையில், 'மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை' என்று இருந்தது.

மறுநாள் மனைவியும் கூட வந்தார். அவருக்குக் காதும் நன்றாகக் கேட்கும், வாயும் நன்றாகப் பேசும்.

"நேத்து மூணு தடவை கூப்பிட்டேம்மா" என்றார் கிளார்க். "திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு ஆபீஸ்ல கூப்பிட்டா மரியாதைக்காவது எந்திரிக்க வேணாமா?"

"அவருக்குக் காது கேக்காது சார்."

"அதை நேத்தே அவர் வாயால சொல்லியிருக்கலாமே."

"பேசவும் வராது சார். மேல நம்பர் பலகை இருக்கே, அதைப் போட்டிருந்தா பாத்துட்டு வந்திருப்பார்."

கிளார்க் அண்ணாந்து பார்த்தார். "அது மேல பேனர் இருக்கேம்மா. அதை எடுக்கக் கூடாது. காது கேக்காதவங்களுக்காகக் கட்டினது. எடுத்தா அவங்க மனசு புண்படும்."

கிளார்க் ஒரு படிவத்தை நீட்டினார். விண்ணப்பதாரர் பேச இயலாதவர் என்பதை அவரே நேரில் வந்து வாய்மொழியாக உறுதி செய்ய வேண்டும் என்று அதில் நாலாவது பத்தியில் இருந்தது.

"பேச வராதுன்னு எப்படி சார் பேசிச் சொல்றது?"

"ரூல் போட்டவங்க மாடியில இருக்காங்கம்மா. நான் கீழ இருக்கேன்."

மனைவி சைகையில் விஷயத்தைச் சொன்னார். கைராசி படிவத்தை வாங்கி நாலாவது பத்தியைத் தானே படித்தார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்த நாளிலிருந்து அவர் அந்நியர் முன்னால் குரல் விட்டதில்லை. அன்றைக்கு வாயைத் திறந்தார். எப்படிப்பட்ட சத்தம் வந்தது என்பது அவருக்குத் தெரியாது. வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், மனைவியின் கண் கலங்கியதும் தெரிந்தது. காது மடல் வரை சூடேறியது. கிளார்க் ஒரு டிக் போட்டார்.

"இதை முதல்லயே பண்ணியிருந்தா ஒரு நாள் மிச்சம்" என்றார்.

தேர்வு பன்னிரண்டாம் தேதி, மூன்றாவது மாடி அரங்கில் நடந்தது. நாற்பது பேர் எழுத வந்திருந்தார்கள். முன்னால் ஒரு மேஜை, அதன் மேல் ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி. பத்துக் கோளாறுகளின் சத்தத்தைப் போடுவார்கள், கேட்டு எழுத வேண்டும். மனைவியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சைகையில் விளக்க அவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று கேட்டதற்கு, கோட்டுப் போட்ட தேர்வாளர் மறுத்துவிட்டார். "உறவுக்காரங்க உள்ள வரக் கூடாதும்மா. காதுல எதையாவது ஓதிட்டீங்கன்னா?"

கைராசி முதல் வரிசையில் உட்கார்ந்தார். எல்லோரும் பேனாவை எடுத்தபோது தொடங்கிவிட்டார்கள் என்று புரிந்தது. எழுந்து போய் இடது உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் எழுத ஆரம்பித்தார். முதல் சத்தம் பேரிங். இரண்டாவது கம்ப்ரஸருக்குள் திரவம் திரும்புவது, கன்றுக்குட்டி முட்டுவதைப் போல இருக்கும். மூன்றாவது ஃபேன் இறக்கையில் விரிசல். பழகிய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கைகுலுக்கிப் போவதைப் போல ஒன்பதும் வந்து போயின. அவருக்கு மாதத் தொடக்கத்திலிருந்து முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தது.

பத்தாவதில் பெட்டிக்குள் அசைவில்லை. ஆனால் பெட்டிக்குக் கீழே இருந்த மேஜை நடுங்கியது. கையை மேஜைக்கு மாற்றினார். பிறகு சுவரில் வைத்தார். அண்ணாந்து பொய்க்கூரையைப் பார்த்தார். விடைத்தாளில் இப்படி எழுதினார்: 'பெட்டியில் ஒன்றும் ஓடவில்லை. இந்த அரங்குக்கு மேலே மொட்டை மாடியில் இருக்கும் உங்கள் பெரிய ஃபேனின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. பதினைந்து நாள் தாங்கலாம். நிறுத்திவிட்டுப் பாருங்கள்.'

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மனைவி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கையால் சொல்ல முடியாமல் அவரிடமே கொடுத்துவிட்டார்.

'விண்ணப்பதாரர் ஒன்பது வினாக்களுக்குச் சரியான விடை எழுதியுள்ளார். தேர்வு எழுதிய ஏனையோர் எவரும் நான்கைத் தாண்டவில்லை. காது கேளாத ஒருவர் இத்தனை விடைகளைச் சரியாக எழுத இயலாது என்பதால் முறைகேடு நடந்திருப்பது உறுதியாகிறது. கண்காணிப்பாளரின் அறிக்கைப்படி இவர் தேர்வு நேரம் முழுவதும் கையைப் பயன்படுத்தியுள்ளார். இது செவிவழித் தேர்வு. எனவே தகுதி நீக்கம் செய்யப்படுகிறார். பத்தாவது வினாவுக்கான சரியான விடை: கோளாறு இல்லை.'

பத்தாவது சத்தம் பதிவாகும் முன்னாலேயே பதிவுக் கருவி நின்றுபோயிருந்தது. அதைத் திரும்பப் பதிவு செய்ய ஒருவருக்கும் நேரமில்லை. சத்தமே இல்லாத மெஷின் குறையில்லாத மெஷின் என்று தேர்வாளர் கையேட்டில் ஒரு பக்கம் சேர்த்து, தலைவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

மேல்முறையீட்டுக்குக் குறைகேட்புக் குழு என்று ஒன்று இருந்தது. தலைவர், தேர்வாளர், குறிப்பெடுக்கக் கிளார்க். இந்தத் தடவை மனைவியை உள்ளே விட்டார்கள், இரண்டு நிமிஷம் பேசலாம் என்ற நிபந்தனையோடு. தலைவருக்கு நிபந்தனை ஏதும் இல்லை.

"நாங்க யாருக்கும் எதிரி இல்லம்மா" என்று தொடங்கினார். "காது கேக்காதது ஒரு குறையே இல்ல, அது வேற விதமான திறமைன்னு நானே மூணு மேடையில பேசியிருக்கேன். பேசும்போது எனக்கே தொண்டை அடைச்சுது. ஆனா திறமை வேற, தகுதி வேற. திறமை இருக்கறவங்களுக்கெல்லாம் உரிமம் குடுத்துட்டா அப்புறம் வாரியம் எதுக்கு?"

"கையால தொட்டே ஒன்பதையும் சொல்லியிருக்காரே சார்."

"அதுதாம்மா எங்களுக்கு வருத்தம். காதால ரெண்டு சொல்லியிருந்தாக்கூட ஏதாவது செஞ்சிருப்பேன்."

தேர்வாளர் முன்னால் குனிந்தார். "வழி இருக்கும்மா. காது கேக்காதுன்னு டாக்டர் சர்டிபிகேட் குடுங்க, செவித் தேர்வுல இருந்து விலக்கு உண்டு. ஆனா விலக்கு வாங்கினவங்களுக்கு உரிமம் கிடையாது. உரிமம் வேணும்னா காது நல்லா கேக்குதுன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க. அப்படிக் குடுத்தா முறைகேடுன்னு போட்டதையும் எடுத்துரலாம்."

"பொய் சர்டிபிகேட்டா சார்?"

"சர்டிபிகேட்ல பொய், நிஜம்னு ஒண்ணும் கிடையாதும்மா. சீல் இருக்கா இல்லையான்னுதான் பாப்போம்."

மனைவி மேஜை மேல் இருந்த விடைத்தாளைத் தூக்கிக் காட்டினார். "பத்தாவது பதிலைப் படிச்சீங்களா? உங்க ஃபேன் போகப் போகுதுன்னு எழுதியிருக்கார்."

"படிச்சேன். அது பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கற கோளாறு" என்றார் தேர்வாளர்.

உதட்டசைவைக் கொஞ்சம் படிக்கத் தெரிந்த கைராசி உதடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லா உதடும் ஒரே மாதிரி, ஈரமாக, மெதுவாக அசைந்தன. கரண்டு போனால் குளிர் அறையில் முதலில் கெட்டுப்போகும் மருந்து எது என்று அவருக்குத் தெரியும். இந்த மூன்று பேரையும் எவ்வளவு குளிரில் வைத்தாலும் கெட்டது கெட்டதுதான் என்று தோன்றியது.

இரண்டு நிமிஷம் முடிந்ததும் தலைவர் மேஜையைச் சுற்றி வந்து கைராசியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவர் கை வியர்த்திருந்தது. "வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். வர்ற இருபத்தெட்டாம் தேதி நம்ம வாரியத்தோட ஆண்டு விழா. 'சத்தமில்லாச் சாதனையாளர்'னு ஒரு விருது வச்சிருக்கோம். மூணு வருஷமா ஆள் கிடைக்கல. உங்களுக்குத்தான்."

வெளியே வந்ததும் மனைவி கொதித்தார். விரல்கள் படபடவென்று பறந்தன. "உரிமம் குடுக்க மாட்டானாம், விருது குடுப்பானாம். போக வேணாம். தூக்கி மூஞ்சியில எறிங்க." பின்னாலேயே வந்த கிளார்க் கனைத்தார். "விருதை வாங்கிக்கச் சொல்லுங்கம்மா. தலைவர் கூட போட்டோல இருந்தா ஃபைல் கொஞ்சம் நகரும். மாசக் கடைசின்னீங்களே." கைராசிக்கு அது சொல்லப்பட்டபோது அவர் ஆறு குளிர் அறைகளை நினைத்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக வரப்போகிறவன் நாலாவது அறையின் கம்ப்ரஸரைத் தட்டிக்கொடுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதை யார் அவனுக்குச் சொல்வார்கள் என்றும் நினைத்தார். சரி என்று தலையாட்டினார்.

விழா அதே மூன்றாவது மாடி அரங்கில் நடந்தது. முந்நூறு பேர். ஜன்னல்கள் எல்லாம் ஏசிக்காக நிரந்தரமாக மூடியவை. கைராசியை மேடையில் நடுநாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தலைவர் மௌனத்தின் மகத்துவத்தைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முன்வரிசையிலிருந்து மனைவி சைகையில் மொழிபெயர்த்தார். முதலில் "பேசறார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் பேசறார்" என்றார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கைராசியின் கவனம் பாதத்தில் இருந்தது. செருப்பு வழியாக மேடைப் பலகை பேசிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் தேதி மணலாக இருந்தது இப்போது கூழாங்கல்லாகியிருந்தது. அவர் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுதினார்: 'மேலே ஃபேனை உடனே நிறுத்துங்கள். பேரிங் இறுகப் போகிறது. மோட்டார் எரிந்துவிடும்.' அதைத் தலைவரிடம் நீட்டினார்.

தலைவர் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை மேஜையில் வைத்திருந்தார். தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "பாருங்க. பேச முடியாத ஒரு ஜீவன், நன்றியை எழுத்துல குடுத்திருக்கு. இதைப் படிக்க எனக்கு மனசு தாங்காது." மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முந்நூறு பேரும் கைதட்டினார்கள். அந்த அதிர்விலும் கைராசிக்கு மேலே நடப்பது தனியாகத் தெரிந்தது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. ஃபேன் நின்றுவிட்டது.

முதலில் கருகிய வாடை வந்தது. பிறகு வெக்கை. கால்மணி நேரத்தில் கோட்டுகள் கழன்றன, அழைப்பிதழ்கள் விசிறியாயின. தேர்வாளர் ஏணி போட்டு ஏறி, காற்று வரும் குழாயில் காதை வைத்தார். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

"சத்தமே இல்ல சார்."

"அப்படின்னா?" என்றார் தலைவர்.

"கோளாறு இல்ல சார். கையேட்டுல தெளிவா இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"அப்போ ஓடுதா?"

"குறையில்லாம ஓடுது சார்."

"பின்ன ஏன்யா இப்படி வேகுது?"

தேர்வாளர் அரங்கைப் பார்த்தார். "கூட்டம் அதிகம் சார்."

உடனே அறிக்கை தயாரானது. இயந்திரம் சிறப்பாக இயங்குவதாகவும், வெப்பத்துக்குப் பார்வையாளர்களே காரணம் என்றும் எழுதி, தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். தலைவரும் போட்டார், அதன் மேல் அவர் மூக்கிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்து மை கலைந்தது. கலைந்த இடத்தில் கிளார்க் சீல் வைத்தார்.

அப்புறம்தான் தலைவருக்குப் பக்கத்து நாற்காலி ஞாபகம் வந்தது. கைராசியின் தோளைத் தட்டி, மேலே காட்டி, கையை விரித்து எதன் மேலோ வைப்பதைப் போல நடித்துக் காட்டினார். கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன் என்று அர்த்தம். கைராசி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பிரித்து, 'கையைப் பயன்படுத்தியுள்ளார்' என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். மனைவி விருதுப் பலகையை எடுத்துத் தனக்கு விசிறிக்கொண்டே கூட நடந்தார்.

அந்தச் சந்தோஷம் வீடு போய்ச் சேரும் வரை இருந்தது. முப்பதாம் தேதி இரண்டாவது கடிதம் வந்தது. 'உரிமமின்றிக் கோளாறு கண்டறிவது தண்டனைக்குரியது. இவர் வாரியக் கட்டடத்திலேயே இருமுறை அவ்வாறு செய்துள்ளார் என்பதற்கு அவரது விடைத்தாளும், தலைவரின் சட்டைப் பையிலிருந்து கைப்பற்றப்பட்ட துண்டுத்தாளும் எழுத்துச் சான்றுகள். ஐந்து ஆண்டுகளுக்கு இவர் விண்ணப்பிக்க இயலாது. விருது மட்டும் செல்லும்.'

காண்ட்ராக்டர் அன்றைக்கே வீட்டுக்கு வந்தார். மீசையைத் தடவிக்கொண்டு மனைவியிடம் பேசினார். "தம்பியை விட எனக்கு மனசு வரலம்மா. ஒரு யோசனை பண்ணியிருக்கேன். உரிமம் உள்ள ஆள் ஒருத்தனைச் சேத்திருக்கேன், அந்தத் தேர்வாளரோட மச்சான். போன வாரம் தனியா நடந்த தேர்வுல பத்துக்குப் பத்து வாங்கினவன். அவன் பேர்ல கையெழுத்து, தம்பி கையில வேலை. ஆஸ்பத்திரி அட்டையில மட்டும் தம்பிக்கு உதவியாளர்னு வரும்."

"அவருக்கு வேலை தெரியுமா அண்ணே?"

"காது இருக்கும்மா."

கைராசி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் நாலாவது அறையின் கம்ப்ரஸர் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. உதவியாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். காது என்றே கணவனும் மனைவியும் பெயர் வைத்துவிட்ட அந்த உரிமக்கார இளைஞன் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அண்ணே முடிச்சிட்டுச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தான். அவன் வாங்கும் சம்பளம் கைராசியினுடையதைப் போல இரண்டு மடங்கு. வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி சட்டியைத் தரையில் போட்டார். கைராசிக்கு அதிர்வு தெரிந்தது.

அடுத்த வாரம் வாரியமே காண்ட்ராக்டருக்கு ஆள் அனுப்பச் சொல்லி எழுதியது. அறிக்கைப்படி ஃபேன் சிறப்பாக ஓடிக்கொண்டிருந்ததால் அதைப் பழுதுபார்க்க விதியில்லை. ஆகவே 'சிறப்பாக ஓடும் ஃபேனை மேலும் சிறப்பிக்க' என்று உத்தரவு போட்டிருந்தார்கள். காதும் கைராசியும் போனார்கள்.

உள்ளே நுழைந்ததும் நாற்றம். கைராசிக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே வரவேற்பறை ஏசியின் தட்டைக் கழற்றி, அடைப்பை எடுத்து, வழுவழுவென்று இருந்த பாசியைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி மாட்டினார். பேனருக்குக் கீழே நின்றுதான் செய்தார். பிறகு மொட்டை மாடிக்கு ஏறினார்கள்.

மெஷின் அறை வாசலில் வாரியத்தின் அறிவிப்பு தொங்கியது. 'அதிக இரைச்சல் உள்ள இடம். காதடைப்பான் அணியாமல் நுழையும் உரிமதாரரின் உரிமம் ரத்து செய்யப்படும்.' மற்ற மூன்று ஃபேன்களும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. கிளார்க் பதிவேட்டோடு நின்று, காது இரண்டு காதையும் கெட்டியாக அடைத்துக்கொண்டானா என்று இழுத்துப் பார்த்து, டிக் போட்டார். உதவியாளருக்கு விதி ஏதும் இல்லை.

மூன்று மணி நேரம் ஆனது. பெல்ட்டைக் கழற்றி, இறுகிப்போன பேரிங்கை உருவி, எரிந்த மோட்டாரை மாற்றி, தண்டை நேராக்கி, கைராசி சுவிட்சைப் போட்டார். உள்ளங்கையை மேலே வைத்தார். மணல் இல்லை. சுத்தமாக, சீராக, தூங்குகிற குழந்தையின் முதுகைப் போல இருந்தது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை. படிவத்தில் 'உரிமதாரர் தம் செவியால் கேட்டறிந்த கோளாறு' என்ற இடத்தைக் காது காட்டினான். கைராசி ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவன் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

தலைவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அவர் பார்வை, பக்கத்தில் சாத்தியிருந்த ஏணியின் மேல் படுவதைப் போலக் கைராசியின் மேல் பட்டு நகர்ந்து போனது. காது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். இன்னும் அடைப்பான் போட்டிருந்தான்.

"தம்பி" என்று தலைவர் கூப்பிட்டார். அவன் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். கைராசி உதட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். தலைவர் கிளார்க்கின் பக்கம் திரும்பினார், முகமெல்லாம் பூரிப்பு. அவர் சொன்னதும் உதட்டில் தெளிவாகத் தெரிந்தது.

"மூணு தடவை கூப்பிட்டும் திரும்பலை பாருய்யா. மெஷினையே கேட்டுக்கிட்டு நிக்கறான். இதுதான் காது."

கிளார்க் அதையும் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

கைராசி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். வரவேற்பறையைக் கடக்கும்போது மூச்சை இழுத்துப் பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. தட்டிலிருந்து தண்ணீர் ஒழுங்காக வடிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கிரீஸ் போக இரண்டு தடவை கை கழுவினார். மனைவி துண்டை நீட்டிக்கொண்டே, இன்றைக்கு எங்கே வேலை என்று விரலால் கேட்டார்.

கைராசி ஈரக் கையைத் தூக்கி மூக்கைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவேயில்லை.